போர்ட் தருவது இடம், கேம் தருவது நேரம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பைக் எஞ்சினை இறக்கிக் கட்டுவது என் தொழில். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பைக் இல்லாத வீடு குறைவு. ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலையே இருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு எஞ்சின் மேல் ஆசை வருவது இயல்புதான். "இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்ணே" என்று வருகிற தம்பிகளிடம் நான் எப்போதும் சொல்வதைத்தான் இன்றும் சொல்லப் போகிறேன். ஹெட் என்பது சிலிண்டரின் மேல் மூடி; கேம் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள தண்டு. ஹெட்டில் கை வைத்தால் கேமையும் யோசிக்க வேண்டும். கேமை மாற்றினால் ஹெட்டையும் பார்க்க வேண்டும்.

இது நம் பக்கம் ஏன் தவறிப்போகிறது? நம்மில் பலர் வேலை பழகியது யமஹா ஆர்எக்ஸ் 100-இல். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. இன்றும் அதன் சத்தம் கேட்டால் தெரு திரும்பிப் பார்க்கும். அது டூ ஸ்ட்ரோக். ஹெட்டில் வால்வு கிடையாது, கேமும் கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. புகை போகும் ஓட்டையின் மேல்விளிம்பை அரத்தால் கொஞ்சம் ராவினால் வழியும் பெரிதாகும், திறந்திருக்கும் நேரமும் கூடும். ஒரே ராவலில் இரண்டும் கிடைத்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் அப்படி இல்லை. அதில் காற்றுக்கு இடம் தருவது ஹெட்டில் உள்ள போர்ட், அதாவது காற்று போகும் வழி; நேரம் தருவது கேம். டூ ஸ்ட்ரோக்கில் பழகிய கை இங்கேயும் போர்ட்டை மட்டும் ராவிவிட்டுப் பலனை எதிர்பார்க்கிறது.

அந்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால், பிஸ்டன் மேலிருந்து கீழே வர ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்குதான். அது போதாது. அதனால்தான் பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் கேம், காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கும். தொப்பூர் இறக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? ஓடிவந்த காற்றும் அந்த மாதிரிதான், சட்டென்று நிற்காமல் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். ஆனால் அதற்குக் காற்று வேகமாக வர வேண்டும். போர்ட்டை அகலமாக்க அகலமாக்க, குறைந்த சுற்றில் அந்த வேகம் போய்விடுகிறது.

பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருவர் பழைய 350 புல்லட் கொண்டுவந்தார். ஹெட்டின் போர்ட்டை ஓர் ஊரில் ராவி அகலமாக்கியிருந்தார், ரேஸ் கேமை வேறோர் ஊரில் வாங்கியிருந்தார். இரண்டு வேலையும் சுத்தமான வேலை. போர்ட் உள்ளே முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. "அண்ணே, ரோட்டுல பறக்குது. வத்தல்மலை ஏறுனா செத்துப்போகுது" என்றார். நானே ஓட்டிப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்ததும் திணறும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் புகைபோலத் திருப்பி அடிக்கும். ஐடிலில் நிற்கவே நிற்காது.

காரணம் தெளிவு. புல்லட்டின் போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90. நீண்ட ஸ்ட்ரோக், நிதானமாக இழுக்கப் பிறந்த எஞ்சின். அதற்கு வைத்ததோ வால்வை வெகு தாமதமாக மூடும் கேம். குறைந்த சுற்றில், உள்ளே வந்த காற்று-பெட்ரோல் கலவையைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சத்தை அழுத்திக் கொடுக்கலாம் என்றால் கம்ப்ரஷனும் கம்பெனி அளவில்தான் இருந்தது. பெரிய போர்ட்டில் காற்று மெதுவாகப் போவதால் பெட்ரோல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது; இன்லெட்டுக்கு அந்தப் பளபளப்பு தேவையே இல்லை. ராவிய உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. கம்பெனி ஹெட் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். வால்வு வந்து உட்காரும் சீட்டைச் சீராக வெட்டி, கேமையும் பழையபடி மாற்றினோம். அதே தம்பி இப்போது பின்னால் ஆள் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்.

கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டியின் கதை வேறு. அது மேல் சுற்றிலேயே ஓடும். பெரிய போர்ட்டும், வால்வை நீண்ட நேரம் திறந்துவைக்கும் கேமும், கூடுதல் கம்ப்ரஷனும் அங்கே ஒன்றுக்கொன்று துணை. அங்கும் ஹெட்டையும் கேமையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வால்வு 32 மில்லிமீட்டர் என்றால், 8 மில்லிமீட்டர் தூக்கும்போதே சுற்றிலும் திறக்கும் இடம் வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் தூக்கும் கேம் வாங்குமுன், போர்ட் அவ்வளவு காற்றை விடுமா என்று, காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் பார்த்துவிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். வால்வு ஸ்பிரிங் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சரி, அவசரமாக இரண்டு விஷயம். கேம் மாற்றினால் பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தை வெட்டி, வால்வு பிஸ்டனில் இடிக்காத அளவு இடைவெளி இருக்கிறதா என்று அளந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம், ரோட்டில் ஓடும் வண்டியைக் கம்பெனி விவரத்திலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. ரேஸ் எஞ்சினை ரேஸ் வண்டியில் மட்டும் கட்டுங்கள். வணக்கம்.