அந்த மாறியை யார் தொடலாம்?

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலில் யாரோ ஒருவர் இரண்டே வரிகளைச் செருகிவிட்டுப் போனார். லினக்ஸின் முதன்மை மூலநிரல் அப்போது பிட்கீப்பர் என்ற மென்பொருளில் இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ் முறையில் ஒரு நகலும் வைத்திருந்தார்கள். அந்த நகல் இருந்த கணினிக்குள் நுழைந்துதான் இதைச் செய்திருந்தார்கள். பார்வைக்கு அது ஒரு சாதாரணச் சோதனை. நிரல்கள் கெர்னலிடம் விடுக்கும் வெயிட்-4 என்ற அழைப்பில் இன்ன இரண்டு தேர்வுகள் சேர்ந்து வந்து, அழைக்கும் நிரலின் யூஐடி, அதாவது பயனர் அடையாள எண், பூஜ்யமாகவும் இருந்தால் பிழை என்று திருப்பி அனுப்பு, அவ்வளவுதான். ஆனால் "பூஜ்யமா?" என்று கேட்க சி மொழியில் இரண்டு சமக்குறிகள் வேண்டும். அந்த வரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒற்றைச் சமக்குறி கேட்காது, எழுதிவிடும். யூஐடி பூஜ்யம் என்றால் ரூட், அதாவது கணினியின் முழு அதிகாரம். அந்த இரண்டு தேர்வுகளையும் சேர்த்து அழைக்கத் தெரிந்த எவருக்கும் அந்த அதிகாரம் கிடைத்துவிடும். எழுதிய மதிப்பு பூஜ்யம் என்பதால் நிபந்தனை பொய்யாகிவிடும், பிழைச் செய்தியும் வராது. ஒற்றைச் சமக்குறியைப் பார்த்து, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்காதபடி அடைப்புக்குறிகூடப் போட்டிருந்தார்கள்.

முதன்மை மூலநிரலும் நகலும் ஒத்துப்போகவில்லை என்பது வழக்கமான ஒப்பீட்டில் தெரிந்து, அந்த வரிகள் நீக்கப்பட்டன. முதன்மை மூலநிரலுக்குள் அவை நுழையவே இல்லை. இந்தச் செய்தியைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சமக்குறியைப் பற்றியே பேசுவார்கள். என் மனத்தில் தங்கியது வேறு ஒன்று. ஒரு மனிதரின் அதிகாரத்தைத் தீர்மானிக்கும் மாறி, கெர்னலின் எந்த மூலையிலிருந்தும் ஒரே வரியில் எழுதக்கூடியதாக அன்று திறந்து கிடந்ததே, அது எப்படி?

வகுப்பில் மாறியைப் 'பெட்டி' என்று சொல்லிக்கொடுக்கிறோம். பெயர் எழுதிய ஒரு பெட்டி, அதற்குள் ஒரு மதிப்பு. நூறு வரி நிரலுக்கு அது போதும், ஏனென்றால் அந்தப் பெட்டியைத் திறப்பவர் ஒருவர்தான். கெர்னலில் ப்ராசஸரின் எட்டு கோர்கள் ஒரே நேரத்தில் அதே வரியில் நிற்கலாம். பாதி வேலையில் நெட்வொர்க் கார்டிலிருந்து ஓர் இன்டரப்ட் (குறுக்கீடு) வந்து அதே மாறியைத் தொட்டுவிட்டுப் போகலாம். அதனால் கெர்னல் எழுதுகிறவர் ஒரு மாறியை அறிவிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது: இதை யார் தொடலாம், எப்போது தொடலாம், எங்கிருந்து தொடலாம்? இன்று நான் பேச வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

ஜிஃபீஸ் என்ற மாறியிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் ஜிஃபி என்றால் நாம் கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே, அதுதான். கணினியின் டைமர் எத்தனை முறை தட்டியிருக்கிறது என்ற கணக்கு இந்த மாறியில் இருக்கிறது. நொடிக்கு எத்தனை தட்டு என்பது எச்இசட் என்ற மாறிலியில் இருக்கும். இன்டெல் கணினிகளில் வெகுகாலம் அது 100. 2.6 பதிப்பில் 1000 ஆயிற்று. 2005இல் வந்த 2.6.13 பதிப்பிலிருந்து 250 இயல்பு மதிப்பாயிற்று.

32 பிட் மாறியில் சுமார் 429 கோடி வரைதான் எண்ண முடியும். நொடிக்கு 100 என்றால் 497 நாளில் எண்ணிக்கை முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பழைய லினக்ஸ் சர்வர்கள் 497 நாள் ஓடியபின், இப்போதுதான் தொடங்கியதுபோல் கணக்குக் காட்டியது இதனால்தான். நொடிக்கு 1000 என்றால் 50 நாள்கூடத் தாங்காது. திரும்புவதைத் தடுக்க முடியாது. திரும்பும்போது தவறு நேராமல் எழுத வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குப் பஞ்சாங்கம் போதும். நம் வருடங்கள் அறுபது. பிரபவ முதலாவது, அட்சய அறுபதாவது. அட்சய வருடத்தில் ஒரு வீட்டில் மூத்த பிள்ளை பிறக்கிறான், அடுத்து வந்த பிரபவ வருடத்தில் இளையவன் பிறக்கிறான். வருட எண்ணை மட்டும் பார்த்தால் ஒருவனுக்கு அறுபது, மற்றவனுக்கு ஒன்று. எண் சிறியது என்பதற்காக இளையவனை அண்ணன் என்று யாரும் சொல்வதில்லை. இருவருக்கும் இடைவெளி முப்பது வருடத்துக்குள் என்று தெரிந்திருந்தால் போதும், சுற்றின் எந்த இடத்தில் நின்றாலும் யார் முந்தி, யார் பிந்தி என்று தவறாமல் சொல்லலாம்.

கெர்னலில் இருக்கும் டைம் ஆஃப்டர் என்ற மேக்ரோ, அதாவது பெயரிட்ட சிறு நிரல்துண்டு, செய்வது இதையேதான். இரண்டு நேரங்களையும் நேரடியாகப் பெரிது சிறிது பார்க்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, விடையைக் குறியுள்ள எண்ணாக எடுத்துக்கொண்டு, அது எதிர்மறையா என்று மட்டும் பார்க்கிறது. இடைவெளி சுற்றின் பாதிக்குள் இருக்கும்வரை விடை சரியாக வரும்.

எல்லோரும் இந்த மேக்ரோவைப் பயன்படுத்துவார்கள் என்று எப்படி நம்புவது? இங்கேதான் கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த வரி வருகிறது. ஜிஃபீஸின் தொடக்க மதிப்பு பூஜ்யமில்லை. எச்இசட்டை 300ஆல் பெருக்கி, அதற்குக் கழித்தல் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். குறியில்லாத எண்ணாகப் பார்த்தால் அது எல்லைக்கு மிக அருகில் இருக்கும். கணினி தொடங்கி ஐந்தே நிமிடத்தில் கீழ் 32 பிட்களின் சுற்று முடிந்துவிடும். தவறாக எழுதப்பட்ட டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எதுவானாலும், 497ஆம் நாள் நள்ளிரவில் ஒரு மருத்துவமனையின் சர்வரில் விழாமல், எழுதியவரின் மேசையில் ஐந்தாவது நிமிடத்தில் விழும். ஒரு மாறியின் தொடக்க மதிப்பைக்கொண்டு இவ்வளவு அக்கறை காட்ட முடியும் என்பதை நான் அந்த வரியில்தான் கற்றேன்.

ஜிஃபீஸுக்கு 64 பிட் வடிவமும் உண்டு. நொடிக்கு 250 தட்டு என்றாலும் அது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் திரும்பாது. 32 பிட் கணினியில் இரண்டு பெயர்களும் ஒரே இடத்தைக் குறிக்கின்றன. நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்க்கரின் கோப்பில் ஒரு வரி, ஜிஃபீஸ் என்ற பெயரை அந்தப் பெரிய மாறியின் கீழ்ப்பாதியில் கொண்டுபோய் வைக்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் போல. ஆனால் அந்தக் கணினியால் 64 பிட்டை ஒரே மூச்சில் படிக்க முடியாது. மேல்பாதியைப் படித்துவிட்டுக் கீழ்ப்பாதிக்கு வருவதற்குள் தட்டு விழுந்துவிட்டால், எந்தக் கணத்திலும் இல்லாத ஒரு நேரம் கைக்கு வரும். அதனால் அதைப் படிக்கத் தனிச் செயற்கூறு (ஃபங்ஷன்) வைத்திருக்கிறார்கள். படித்து முடித்தபின், நடுவில் யாராவது எழுதினார்களா என்று அது பார்க்கும். எழுதியிருந்தால் மறுபடி படிக்கும். எழுதுவதற்கு மட்டுமல்ல, படிப்பதற்கும் முறை உண்டு.

அடுத்தது எண்ணிக்கை மாறிகள். ஒரு மாறியோடு ஒன்று கூட்டுவது சி மொழியில் ஒரே வரிதான். ப்ராசஸருக்கு அது மூன்று வேலை: எடு, கூட்டு, வை. ஒரு பொருட்காட்சிக்கு இரண்டு வாசல், உள்ளே வந்தவர் தொகையை எழுத நடுவில் ஒரே பலகை என்று வைத்துக்கொள்வோம். இரு வாசல்காரர்களும் பலகையில் 41 என்று பார்க்கிறார்கள். இருவரும் ஒன்று கூட்டி 42 என்று எழுதுகிறார்கள். இரண்டு பேர் உள்ளே போயிருக்க, ஒருவர் கணக்கில் இல்லை. பலகைக்குப் பூட்டுப் போடலாம். அப்போது ஒருவர் எழுதும்வரை மற்றவர் வரிசையில் நிற்க வேண்டும். கெர்னல் பல இடங்களில் வேறு வழியை எடுக்கிறது: ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், மாலையில் கூட்டிக்கொள்ளலாம். பெர்-சிபியு மாறி என்பது இதுதான். பெயர் ஒன்று, கோருக்கு ஒன்றாகப் பிரதிகள் பல.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் வாசலின் நோட்டைக் கையில் எடுத்தவரை, எழுதி முடிப்பதற்குள் இரண்டாம் வாசலுக்கு மாற்றிவிட்டால் என்ன ஆகும்? கெர்னலில் ஒரு வேலையை எந்தக் கணமும் ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றலாம். அதனால் பிரதியை எடுக்கும்போது அந்த மாற்றத்தை நிறுத்திவைத்து, எழுதியபின் விடுவிக்கிறார்கள். எடுப்பதற்கு ஒரு மேக்ரோ, விடுவதற்கு ஒரு மேக்ரோ. இரண்டாவதை மறந்தால் அந்தக் கோரில் வேலைகளை மாற்றிக்கொடுப்பதே நின்றுபோகும்.

மூலநிரலெங்கும் காணப்படும் கரண்ட் என்ற பெயரும் இந்த வகைதான். இப்போது ஓடும் நிரலின் விவரங்கள் எங்கே இருக்கின்றன என்று அது சொல்கிறது. பார்த்தால் உலகப் பொது மாறி போலிருக்கும். உண்மையில் எந்தக் கோரிலிருந்து கேட்கிறோமோ அந்தக் கோருக்குரிய விடைதான் வரும்.

செயற்கூற்றுக்குள் இருக்கும் உள்மாறிகளை யாரும் தொட மாட்டார்கள், அங்கே கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். 64 பிட் இன்டெல் கணினியில் உள்மாறிகள் தங்கும் கெர்னலின் ஸ்டாக் 16 கிலோபைட்தான். 2014க்கு முன்பு அது 8. வகுப்பில் எழுதுவதுபோல் பெரிய அணியை உள்மாறியாக வைக்க அங்கே இடமில்லை. இடமிருந்தாலும் கம்பைலர் என்ற இன்னொருவர் இருக்கிறார். 2009இல் 2.6.30 பதிப்பின் டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு செயற்கூற்றின் தொடக்கத்திலேயே, மாறிகளை அறிவிக்கும் இடத்தில், நினைவக முகவரியைச் சுட்டும் டன் என்ற பாயிண்டரின் வழியே உள்ளே சென்று ஒரு மதிப்பை எடுத்து உள்மாறியில் வைத்தார்கள். அதற்குக் கீழேதான் அந்த பாயிண்டர் பூஜ்யமா என்ற சோதனை இருந்தது. கம்பைலர் இப்படி யோசித்தது: மேலே இதன் வழியே உள்ளே போய்விட்டார்கள், ஆகவே இது பூஜ்யமாக இருக்கவே முடியாது, கீழே சோதனை எதற்கு? சோதனையை நீக்கிவிட்டது. சி மொழியின் விதிப்படி அது செய்தது தவறில்லை. ஆனால் பூஜ்ய முகவரியில் தன் நினைவகத்தைக் கொண்டுவந்து வைக்கத் தெரிந்தவருக்குக் கெர்னலுக்குள் போக வாசல் திறந்துவிட்டது. மதிப்பை எடுக்கும் வரியைச் சோதனைக்குக் கீழே நகர்த்தினார்கள். இப்படிப்பட்ட சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்குக் கட்டளையும் சேர்த்தார்கள். மாணவர்களே, உள்மாறிக்கு எந்த வரியில் மதிப்புக் கொடுக்கிறோம் என்பதும் பாதுகாப்புச் சார்ந்த முடிவுதான்.

2022இல் இதைவிடச் சிறிய ஒரு விஷயம் கெர்னலின் மொழியையே மாற்றியது. பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்கும் மடக்குகளில் (லூப்), பார்க்கும் மாறியை மடக்குக்கு வெளியேதான் அறிவிக்க வேண்டியிருந்தது. அன்று கெர்னல் கடைப்பிடித்த 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரம் அப்படி. தேடியது கிடைக்காமல் மடக்கு முடிந்தால், அந்த மாறி பட்டியலில் இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டு உயிரோடிருக்கும். பின்னால் வரும் வரி அதை நம்பிப் பயன்படுத்தினால் ஆபத்து. மடக்கோடு மாறியும் மறைந்துவிட வேண்டும் என்ற தேவையே, 5.18 பதிப்பில் 2011ஆம் ஆண்டுத் தரத்துக்கு மாற லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைத் தூண்டியது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். சிறிய மடக்கில் எண்ணும் மாறிக்கு ஐ என்ற ஓரெழுத்துப் பெயரே போதும், பொது மாறிக்கு விளக்கமான பெயர் வேண்டும் என்று கெர்னலின் எழுத்துநடை விதி சொல்கிறது. நான் இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். வீட்டுக்குள் 'தம்பி' என்று கூப்பிட்டால் போதும். ஊருக்கு நடுவில் நின்று அப்படிக் கூப்பிட்டால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி 2003ஆம் ஆண்டின் அந்த வரிக்குத் திரும்புகிறேன். 2009இல் வந்த 2.6.29 பதிப்பில், யூஐடி முதலிய அடையாளங்களையெல்லாம் நிரலின் விவரத் தொகுப்பிலிருந்து எடுத்து, கிரெட் என்ற தனித் தொகுப்பில் வைத்தார்கள். அதைச் சுட்டும் பாயிண்டரைப் படிக்க மட்டும் என்று அறிவித்தார்கள். மாற்ற வேண்டுமென்றால் ஒரு செயற்கூறு நகல் எடுத்துத் தரும், நகலில் திருத்தலாம், மற்றொரு செயற்கூறு அதைப் பழையதன் இடத்தில் வைக்கும். கண்மாயில் தண்ணீர் எல்லோருக்கும்தான், மடையைத் திறப்பவர் நீர்க்கட்டி ஒருவர்தான். 2012இல் யூஐடியின் வகையையும் மாற்றினார்கள். அது இப்போது வெறும் எண்ணில்லை, எண்ணை உள்ளே வைத்த ஒரு ஸ்ட்ரக்சர்.

அந்தப் பழைய வரியை அப்படியே இன்றைய கெர்னலில் ஒட்டிப் பாருங்கள். அந்தப் பெயர் அந்த இடத்தில் இல்லை என்று கம்பைலர் மறுக்கும். இடத்தைத் திருத்திக் கொடுத்தால், படிக்க மட்டும் உள்ளதில் எழுத முடியாது என்று மறுக்கும். அதையும் எப்படியோ கடந்தால், ஸ்ட்ரக்சரில் பூஜ்யத்தை நேராக வைக்க முடியாது என்று மறுக்கும்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் இருக்கிறது. மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் புதிய ப்ராசஸ்களை உருவாக்கும் கெர்னலின் ஃபோர்க் கோப்பைத் திறந்துவையுங்கள். தொடக்கப் பகுதியிலேயே டோட்டல் ஃபோர்க்ஸ், என்ஆர் த்ரெட்ஸ் என்று இரண்டு மாறிகள் அடுத்தடுத்து நிற்கும். அவற்றுக்கு மேலே ஒரே வரியில் ஒரு குறிப்பு, இந்த எண்ணிக்கைகளைக் காக்கும் பூட்டு எது என்று சொல்கிறது. அந்தப் பூட்டைப் பிடிக்காமல் இந்த இரண்டு மாறிகளையும் எழுதும் இடம் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள், அங்கிருந்து பேச்சைத் தொடர்வோம்.