நபிகளுக்கு முன்னே மதீனா போனவர்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பிற சமயத்துச் சகோதரர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

இஸ்லாம் எப்படிப் பரவியது என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தாலே பேச்சு பத்ருப் போருக்கும், மக்கா வெற்றிக்கும், உமர் (ரலி) காலத்துப் படைகளுக்கும் போய்விடுகிறது. நான் இன்று அதற்கெல்லாம் முந்திய ஓர் ஆண்டில்தான் நிற்கப்போகிறேன். கி.பி. 621. நபியவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத் இன்னும் நடக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) மக்காவில் இருக்கிறார்கள். ஹிரா குகையில் முதல் வஹீ, அதாவது இறைச்செய்தி, வந்து பதினோரு ஆண்டு ஆகிறது. துணையாக நின்ற கதீஜா அம்மையாரும் பெரிய தந்தை அபூதாலிபும் இரண்டு ஆண்டுக்கு முன் இறந்துவிட்டார்கள். ஆதரவு தேடிப் போன தாயிஃபில் கல்லெறிதான் கிடைத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெற்றிக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

அந்த ஆண்டு ஹஜ் காலத்தில் பின்னாளில் மதீனா என்று பெயர் பெற்ற யத்ரிபிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து அகபா என்ற இடத்தில் நபியவர்களிடம் உறுதிமொழி கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது மார்க்கத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நபியவர்கள் அனுப்பியது முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை.

இவர் யார்? மக்காவிலேயே செல்லமாக வளர்ந்த பிள்ளை. நல்ல துணி, நல்ல அத்தர், தெருவில் போனால் வாசனையிலேயே தெரியும் என்பார்கள். அர்கம் என்ற தோழருடைய வீட்டில் மறைவாக நடந்த பாடங்களுக்குப் போய் இஸ்லாத்தை ஏற்றார். விஷயம் தெரிந்ததும் பெற்ற தாயே வீட்டில் அடைத்துவைத்தார். தப்பித்து அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) போனார். திரும்பி வந்தபோது பழைய பகட்டெல்லாம் போயிருந்தது. யத்ரிபுக்கு அவர் கொண்டுபோனது மனப்பாடமாக இருந்த குர்ஆன் வசனங்கள் மட்டும்தான்.

யத்ரிபின் நிலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவ்ஸ், கஸ்ரஜ் என்று இரண்டு கோத்திரங்கள், தலைமுறை தலைமுறையாகப் பகை. சில ஆண்டுகளுக்கு முன்தான் புஆத் என்ற இடத்தில் மோதி, இரு பக்கத்திலும் தலைவர்களை இழந்திருந்தார்கள். சண்டை போட்டுப் போட்டுச் சலித்த ஊர் அது. நடுநிலையாக நின்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் வரமாட்டாரா என்ற ஏக்கம் அங்கே இருந்தது. தொழுகையில் இமாமாக நிற்பதற்குக்கூட ஒரு கோத்திரத்தார் பின்னால் இன்னொரு கோத்திரத்தார் நிற்க மனம் ஒப்பவில்லை. அதனால் வெளியூர்க்காரரான முஸ்அப் தொழவைத்தார் என்று ஆரம்பகால வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பது இன்று நமக்குப் பழகிப்போனது. அப்பன் பாட்டன் ரத்தத்தை மனதில் வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒருநாள் முஸ்அபும் அவருக்கு இடம் கொடுத்த அஸ்அத் இப்னு ஸுராராவும் ஒரு தோட்டத்தில் சிலரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்ஸ் தலைவர்களில் ஒருவரான உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியோடு வந்தார். எங்கள் அப்பாவி மக்களைக் கெடுக்க வந்தீர்களா, உயிர்மேல் ஆசை இருந்தால் ஓடிவிடுங்கள் என்று சத்தம் போட்டார். முஸ்அப் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. “உட்கார்ந்து கொஞ்சம் கேளுங்களேன். பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்” என்றார்.

நியாயமான பேச்சுதான் என்று சொல்லி, உஸைத் ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தார். முஸ்அப் குர்ஆன் ஓதினார். ஓதி முடித்ததும் உஸைத் கேட்டது ஒரே கேள்வி: இந்த மார்க்கத்தில் சேர என்ன செய்ய வேண்டும்? குளித்து, சுத்தமான உடை உடுத்தி, வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே, முஹம்மது அவன் தூதர் என்று சாட்சி சொல்லி, இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று ஒரு ரக்அத்) தொழ வேண்டும். அவ்வளவுதான். எழுந்து போய் அப்படியே செய்தார். அப்புறம் அவரே தந்திரமாக இன்னொரு தலைவர் ஸஅத் இப்னு முஆதை அதே இடத்துக்கு அனுப்பிவைத்தார். ஸஅதும் கோபத்தோடு வந்தார், அதே பதிலைக் கேட்டார், அதே போல உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் அவருடைய குலம் ஏறத்தாழ முழுவதும் முஸ்லிமாகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஹஜ்ஜுக்கு முஸ்அப் திரும்பி வந்தபோது, யத்ரிபிலிருந்து எழுபத்து மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் அகபாவில் உறுதிமொழி கொடுத்தார்கள். அந்த இரண்டு பெண்களில் ஒருவர் நுஸைபா அம்மையார். பின்னாளில் உஹதுப் போர்க்களத்தில் வாளோடு நின்று நபியவர்களைக் காத்தவர். தாய்மார்கள் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதன் பிறகுதான் 622-இல் ஹிஜ்ரத் நடந்தது. நபியவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர் ஏற்கெனவே தொழுதுகொண்டிருந்தது. படையில்லாமல், பணமில்லாமல் ஒரு ஊர் வசமானது. இஸ்லாம் பரவிய விதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஓர் ஆண்டைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் கருத்து.

மதீனாவில் ஒவ்வொன்றாகக் கடமைகள் நிலைபெற்றன. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு வந்தது, பிலால் (ரலி) குரல் கொடுத்தார். ஹிஜ்ரத்திலிருந்து எண்ணும் ஹிஜ்ரி ஆண்டு இரண்டில் ரமளான் நோன்பு வந்தது. தொழும் திசையான கிப்லா ஜெருசலேமிலிருந்து கஅபாவுக்கு மாறியது. மூன்றாம் ஆண்டு உஹதில் கொடி பிடித்திருந்த முஸ்அப் ஷஹீதானார், வீரமரணம் அடைந்தார். கஃபனிட, அதாவது உடலைப் போர்த்தி அடக்கம் செய்ய, துணி போதவில்லை. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, காலுக்கு இத்கிர் புல்லைப் போடச் சொன்னார்கள் நபியவர்கள். பல ஆண்டு கழித்து, பெரிய செல்வந்தராகிவிட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) நோன்பு திறக்க உணவு வந்தபோது, என்னைவிடச் சிறந்த முஸ்அபுக்குக் கஃபன் துணிகூட முழுதாகக் கிடைக்கவில்லையே என்று அழுது, சாப்பாட்டைத் தொடாமல் விட்டார்.

முஸ்அபுக்குப் பிறகும் முறை மாறவில்லை. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபியவர்கள் சொன்ன வரிசையைப் பாருங்கள். முதலில் ஏக இறைவனுக்குச் சாட்சி சொல்ல அழையுங்கள். ஏற்றால், ஐவேளைத் தொழுகையைச் சொல்லுங்கள். அதையும் ஏற்றால், அவர்களுடைய செல்வந்தர்களிடம் வாங்கி அவர்களுடைய ஏழைகளுக்கே கொடுக்கும் ஜகாத்தைச் சொல்லுங்கள். அவர்கள் பொருளில் உயர்ந்ததைப் பொறுக்கி எடுக்காதீர்கள். அதாவது, ஜகாத்துக்கு ஆடு வாங்கப் போனால் மந்தையிலேயே நன்றாகப் பால் கறக்கும் ஆட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வரக்கூடாது. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு, அதாவது பிரார்த்தனைக்கு, அஞ்சுங்கள், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை. யமனில் வாங்கியது யமன் ஏழைக்கு. இது எவ்வளவு பெரிய விஷயம்! வரி என்றால் தலைநகரத்துக்குப் போவது என்றே உலகம் அறிந்திருந்த காலம் அது.

படைகள் போகவில்லையா என்று கேட்பீர்கள். போயின. சிரியா, எகிப்து, பாரசீகம் எல்லாம் சில பத்தாண்டுகளில் முஸ்லிம் ஆட்சிக்குள் வந்தன. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஆட்சி பரவியது வேறு, மார்க்கம் பரவியது வேறு. எகிப்தில் ஆட்சி மாறிப் பல தலைமுறைக்குப் பிறகும் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள்.

நம் கரைக்கு எந்தப் படையும் வரவில்லை. மரக்கலத்தில் வணிகர்கள் வந்தார்கள், இங்கேயே பெண் எடுத்தார்கள், தங்கினார்கள். திருச்சி கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கல்பள்ளியில் ஹிஜ்ரி 116 என்று ஆண்டு குறித்த அரபுக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. கணக்கில் 734. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஆலிம்கள் என்னும் மார்க்க அறிஞர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி, தொழுகையையும் நோன்பையும் வீட்டுக்குள் இருந்த பெண்கள் வரை கொண்டுபோனார்கள். அந்த அரபுத்தமிழ்க் கிதாபுகளைச் சத்தமாக வாசித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டிமார்களை இந்த அவையிலேயே பலர் பார்த்திருப்பீர்கள். முஸ்அப் செய்த வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்.