உடுப்பிட்டித் தொகுதிக்கு எம்.பி. யார்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஐயா, தேர்தல் இரவில் 'உடுப்பிட்டித் தேர்தல் தொகுதி' என்று முடிவு வாசிக்கிறார்கள். அப்படியென்றால் உடுப்பிட்டிக்கு எம்.பி. யார்? இந்தத் தொகுதி எப்போது உருவானது?"

உடுப்பிட்டிக்கென்று இன்று தனியாக ஓர் எம்.பி. கிடையாது, தங்கச்சி. ஆனால் இருந்த காலம் ஒன்று உண்டு.

1947 தேர்தலில், உடுப்பிட்டி அடங்கிய யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பகுதிக்குப் பருத்தித்துறைத் தொகுதி ஒன்றுதான். 1959இல் எல்லை நிர்ணய ஆணைக்குழு நாடு முழுவதும் தொகுதிகளைப் புதிதாக வகுத்தது. தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொகை 95இலிருந்து 151 ஆனது. நம் வட மாகாணத்தில் உடுப்பிட்டி, நல்லூர், உடுவில், கிளிநொச்சி என்று நான்கு புதிய தொகுதிகள் பிறந்தன.

கணக்கு இதுதான்: ஒரு மாகாணத்தில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். ஆட்கள் குறைவாகவும் நிலம் பரந்தும் கிடந்த இடங்களுக்கு அந்த இரண்டாவது கணக்கு கைகொடுத்தது. ஆனால் இதே கணக்கில் ஓர் அநியாயமும் இருந்தது. அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வராது. எண்ணப்பட்டது சனத்தொகை, வாக்காளர் அல்ல. மலையகத் தோட்டங்களில் குடியுரிமை பறிக்கப்பட்ட நம் உறவுகளின் தலைகளையும் எண்ணித்தான் அங்கே ஆசனங்களைக் கூட்டினார்கள். அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை.

சரி, முதல் தேர்தலுக்கு வருவோம். 1960 மார்ச் 19. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் அது. நல்லூரில் தமிழரசுக் கட்சியின் டாக்டர் இ. மு. வி. நாகநாதன், உடுவிலில் வி. தர்மலிங்கம், கிளிநொச்சியில் அ. சிவசுந்தரம் என்று புதிய தொகுதிகள் மூன்றில் அந்தக் கட்சியின் வீட்டுச் சின்னமே வென்றது. உங்கள் உடுப்பிட்டி மட்டும் வேறு வழியில் போனது. கரவெட்டியைச் சேர்ந்த சட்டத்தரணி மு. சிவசிதம்பரம் சுயேச்சையாக நின்று வென்றார். அலை ஒரு பக்கம் அடிக்கும்போது ஆளைப் பார்த்து வாக்களித்தார்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பாராளுமன்றம் நிலைக்கவில்லை. 50 ஆசனங்களோடு ஆட்சியமைத்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், தன் கொள்கையைச் சபையில் அறிவிக்கும் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பிலேயே தோற்றது. ஏப்ரல் 23இல் சபை கலைக்கப்பட்டது. புதிய தொகுதிகளின் முதல் உறுப்பினர்கள் ஆசனத்தில் சரியாக அமரும் முன்பே மறுபடியும் மக்களிடம் வாக்குக் கேட்டு வர வேண்டியதாயிற்று. ஜூலைத் தேர்தலில் சிவசிதம்பரம் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் மீண்டும் வென்றார். 1965இலும் அவர்தான், பின்னாளில் பிரதிச் சபாநாயகருமானார். அப்படிப்பட்டவரையே 1970இல் அதே உடுப்பிட்டி மக்கள் தோற்கடித்து, தமிழரசுக் கட்சியின் க. ஜெயக்கொடியை அனுப்பினார்கள். 1977இல் த. இராசலிங்கம். அவரே கடைசி.

ஏனென்றால் 1978 அரசியலமைப்பு, கட்சிகள் பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989 பொதுத் தேர்தலிலிருந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். அதற்குள் 11 தொகுதிகள் வாக்குகளை எண்ணி அறிவிப்பதற்கான பிரிவுகளாக மட்டும் நிற்கின்றன. நீங்கள் கேட்ட பெயர் அங்கேதான் ஒலிக்கிறது. உடுப்பிட்டியில் ஒரு கட்சி முதலாவதாக வந்தாலும் அந்த வெற்றிக்கென்று தனி ஆசனம் இல்லை. மாவட்டத்தின் மொத்த வாக்குகளை வைத்தே ஆசனம் பிரியும். கட்சிக்குள் யார் பாராளுமன்றம் போவது என்பதை, வேட்பாளர்களுக்கு நாம் தனியாக இடும் விருப்பு வாக்கு தீர்மானிக்கும்.

விகிதாசார முறை சிறிய கட்சிகளுக்கும் இடம் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் "எங்கள் தொகுதிக்கு என்ன செய்தாய்?" என்று ஒருவரைப் பிடித்துக் கேட்டு, செய்யாவிட்டால் அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பும் உரிமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1970இல் உடுப்பிட்டி அதைச் செய்துகாட்டியது.

பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையைப் பொறுத்து மாவட்ட ஆசனங்களும் குறைந்துகொண்டே வந்தன: 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. ஆகவே தங்கச்சி, உங்கள் வீதிக்கோ கடற்கரைக்கோ ஒரு கோரிக்கை இருந்தால் உடுப்பிட்டி எம்.பி.யைத் தேடாதீர்கள். அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஆறு பேருமே உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.