ஆளுக்கு ஒரு முறையா, ஆளுக்கு இவ்வளவு நேரமா?

நேயர்களுக்கு வணக்கம். பின்கட்டு அறையில் ஒருவர் பழைய கைபேசியில் படம் பார்க்கத் தொடங்கியதும், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் மடிக்கணினியும் சேர்ந்து திணறுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். உடனே இணைய இணைப்புக் கொடுத்தவரைத் திட்டுவோம். ஆனால் கோளாறு, வைஃபை தன் அலைவரிசையைப் பங்கிடும் விதியிலேயே இருக்கக்கூடும்.

1997இல் வெளிவந்த 802.11 என்னும் வைஃபை தரத்தின்படி, தகவல் அனுப்ப விரும்பும் கருவி முதலில் அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கவனித்து, குலுக்கல்போல் அமைந்த ஒரு சிறு இடைவெளி காத்திருந்து, பிறகு ஒரு பொட்டலத்தை, அதாவது தகவலின் ஒரு சிறு துண்டை, அனுப்பும். இப்படியே போனால் எல்லாக் கருவிகளுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் முறை வரும். கேட்க நியாயமாகத்தான் தோன்றுகிறது.

குழாயடியில் ஆளுக்கு ஒரு குடம் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். அகன்ற வாய்க் குடம் நொடியில் நிரம்பிவிடும். குறுகிய வாய்க் கேனைக் கொண்டுவந்தவரோ குழாயைச் சிறிதளவே திறந்து பொறுமையாகப் பிடிப்பார். வைஃபையிலும் இதே கதைதான். 2003இல் வந்த 802.11ஜி தரத்தில், அருகிலுள்ள மடிக்கணினி நொடிக்கு 54 மெகாபிட் வேகத்திலும், சுவருக்கு அப்பாலுள்ள கைபேசி 6 மெகாபிட் வேகத்திலும் இயங்குவதாகக் கொள்வோம். 1500 பைட் பொட்டலம் ஒன்றை அனுப்ப முன்னதற்கு 0.22 மில்லிநொடியும் பின்னதற்கு 2 மில்லிநொடியும் பிடிக்கும். காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்காமலே பார்த்தாலும், மாறிமாறி அனுப்பும்போது இரண்டுக்கும் கிடைப்பது தலா 5.4 மெகாபிட்தான். இதே வகை முரண்பாட்டை, முந்தைய 802.11பி தரத்தில், பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003இல் விளக்கிக் காட்டினார்கள்.

இதற்கான மாற்று, முறையைச் சமமாக்காமல் நேரத்தைச் சமமாக்குவது. அப்போது மடிக்கணினிக்கு 27 மெகாபிட், கைபேசிக்கு 3 மெகாபிட் என்று மொத்தம் 10.8இலிருந்து 30 ஆக உயரும். கைபேசிக்காரர் கொஞ்சம் இழக்கிறார் என்பதையும் மறைக்கக்கூடாது; ஆயினும் ஒருவருடைய தொலைவுக்கு மற்றவர் அபராதம் கட்டுவதைவிட இதுவே நேர்மையான பங்கீடு என்பது என் கருத்து.

கைபேசிக் கோபுரங்கள் இன்னும் நுட்பமாகப் பங்கிடுகின்றன. 4ஜி கோபுரம் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை யாருக்கு இடம் என்று முடிவெடுக்கிறது. பரவலாகக் கையாளப்படும் முறையொன்றில், ஒரு கைபேசிக்கு அந்தக் கணத்தில் கிடைக்கக்கூடிய வேகத்தை, அதற்கு இதுவரை கிடைத்த சராசரி வேகத்தால் வகுத்து, விடை பெரிதாக வரும் கைபேசிக்கு இடம் தருவார்கள். இடம் கிடைக்காமல் காத்திருக்கும் கைபேசியின் சராசரி இறங்க இறங்க அதன் விடை ஏறும் என்பதால், ஒருவரும் அடியோடு பட்டினி கிடப்பதில்லை. வைஃபை 6 தரமும் இதுபோன்ற வழிக்கே வந்திருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கூறுபோட்டு, ஒரே நேரத்தில் 9 கருவிகள் வரை அனுப்புவதற்கு ரவுட்டரே இடம் ஒதுக்கலாம்.

புது ரவுட்டர் வாங்குமுன் ஒன்று செய்து பாருங்கள். முன்னறை மூலையில் இருக்கும் ரவுட்டரை வீட்டின் நடுக்கூடத்துக்கு நகர்த்துங்கள். பின்கட்டுக் கைபேசி 6 மெகாபிட்டிலிருந்து 24க்கு ஏறினால், அதன் ஒவ்வொரு பொட்டலமும் 2 மில்லிநொடிக்குப் பதில் அரை மில்லிநொடியில் முடிந்துவிடும். மிச்சமாகும் நேரம் எல்லோருக்கும் கிடைக்கும். நன்றி, வணக்கம்.