எண்ணுக்கு நடுவே ஒரு காற்புள்ளி

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கொழும்பில் கணக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். கடைக்கணக்கு, சம்பளக் கணக்கு, அடகுக் கணக்கு என்று எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வேலை இருக்கும். கணினிக்குள் கிடக்கும் எண்ணை மனிதர் வாசிக்கும் எழுத்தாக மாற்றித் திரையிலோ தாளிலோ காட்ட வேண்டும். நிரலில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி நாட்டுக்கு நாடு வேறு விதமாக எழுதும் என்பது நிரல் எழுதுகிறவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. ஆகவேதான் இன்றைய உரைக்கு இந்தப் பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தில் வங்கிச் சீட்டு ஏதாவது இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தொகையை மனத்தில் வையுங்கள்: பன்னிரண்டரை இலட்சம் ரூபா. காணி விலை பேசும்போதும் கலியாணச் செலவு பேசும்போதும் நம் வாயில் வருவது இலட்சமும் கோடியும்தான். ஆனால் இலங்கை வங்கிகள் அதே தொகையை எப்படி அச்சிடுகின்றன? 1,250,000. ஒன்று, ஒரு காற்புள்ளி, இருநூற்றைம்பது, இன்னொரு காற்புள்ளி, பிறகு மூன்று பூச்சியம். வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரிக்கும் மில்லியன் முறை அது. கடல் தாண்டி இந்தியாவுக்குப் போனால் அதே தொகை 12,50,000 ஆகிவிடும். முதலில் மூன்று இலக்கம், அதற்கு மேலே இரண்டிரண்டாக. அது இலட்ச முறை. நாம் இலட்சத்தில் பேசி மில்லியனில் அச்சிடுகிறவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இதற்கே வருவேன்.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை கைத்தொலைபேசியில் தன் சேமிப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் இருந்த செயலியைத் தமிழுக்கு மாற்றினார். சொற்கள் தமிழில் வந்தன. கூடவே காற்புள்ளிகளும் இடம் மாறிவிட்டன. 1,250,000 என்று இருந்தது 12,50,000 என்று வந்தது. இலக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் அவர் பயந்துபோனார். வலப்பக்கம் எண்ணிப் பார்க்கும் பொறுமை எல்லாருக்கும் எல்லா நேரமும் இருக்காது. காற்புள்ளியின் இடத்தைப் பார்த்தே நாம் தொகையைப் பிடிக்கிறோம். தமிழைத் தெரிவு செய்த குற்றத்துக்காக ஒருவர் தன் காசைத் திரும்பவும் எண்ணிப் பார்க்க வேண்டுமா? எனக்கு இதில் இன்றுவரை கோபம் இருக்கிறது.

காரணம் எளிது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோட் அமைப்பு 2004ஆம் ஆண்டு முதல் சிஎல்டிஆர் என்ற பெரிய தரவுத் தொகுப்பை வெளியிட்டு வருகிறது. எந்த மொழியில், எந்த நாட்டில், எண்ணையும் திகதியையும் நாணயத்தையும் எப்படி எழுதுவது என்று அதில் இருக்கிறது. நம் கைத்தொலைபேசிகளும் இணைய உலாவிகளும் அதைத்தான் பார்க்கின்றன. நிரலாளர் தமிழ் என்று மட்டும் சொல்லி நாட்டைச் சொல்லாமல் விட்டால், அந்தத் தொகுப்பு இந்தியத் தமிழ் என்று எடுத்துக்கொள்ளும். இலட்ச முறை வந்துவிடும். நாட்டின் பெயரைச் சேர்த்துக் கேட்பது முதல் வேலை. கேட்டுவிட்டு, வருவதைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது வேலை. இலங்கைத் தமிழ் என்று கேட்டும் இலட்ச முறையே வந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால், மும்மூன்றாகப் பிரி என்று நிரலில் வெளிப்படையாக எழுதிவிடலாம். மொழி ஒன்று, நாடு ஒன்று. இரண்டையும் சொன்னால்தான் எண்ணுக்கு முகவரி முழுமையாகும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எண் எழுதுவதில் இந்தத் தீவு என்றைக்கும் தன் வழியிலேயே போயிருக்கிறது. ரூபாவை நூறு சதமாகப் பிரித்துத் தசமக் கணக்குக்கு இலங்கை வந்தது 1872ஆம் ஆண்டில். இந்தியா அணாவை விட்டுத் தசமத்துக்கு வந்தது 1957இல்தான். கடைச் சிட்டையில் தொகைக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் சமக்குறியும் இட்டு, சதம் இல்லை என்று காட்டுகிறோமே, அது இங்கே ஊறிய பழக்கம். இப்படிச் சொந்தப் பழக்கம் உள்ள நாட்டின் தமிழை வேறொரு நாட்டுத் தமிழின் நிழலில் நிறுத்துவது சரியல்ல.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. இனிச் சொல்லப்போவது கண்ணுக்குத் தெரியாமல் காசைத் தின்னும் தொல்லை. செட்டியார் தெருவுக்கு வாருங்கள்.

அங்கே ஒரு நகைக்கடை. முதலாளியின் மருமகன் பாரிஸில் இருக்கிறார். அங்கே வாங்கும் நகைகளின் பட்டியலை, நிறையோடு, கோப்பாக அனுப்புவார். தங்கத்தை மில்லிகிராம்வரை நிறுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தசமத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரும். ஒரு சங்கிலி எட்டுக் கிராம் 125 மில்லிகிராம். நாம் 8.125 என்று புள்ளி வைத்து எழுதுவோம். பிரான்சில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளிதான். மருமகனின் கணினி பிரெஞ்சு அமைப்பில் இருந்தது. அது 8,125 என்று எழுதி அனுப்பியது. நிரலில் யாரும் எதையும் மாற்றவில்லை. கொழும்பில் புள்ளி வைத்த அதே வரி, பாரிஸில் காற்புள்ளி வைத்தது.

கோப்பு கொழும்புக்கு வந்தது. இங்கே காற்புள்ளி என்றால் ஆயிரத்தைப் பிரிப்பது. 8,125 என்றால் எண்ணாயிரத்து நூற்றிருபத்தைந்து. அந்தச் சங்கிலி எட்டுக் கிலோ ஆகிவிட்டது. இதை நினைத்துப் பாருங்கள், எழுத்து முற்றிலும் சரியான எழுத்து. இங்கேயும் செல்லும், அங்கேயும் செல்லும். மூன்று இலக்கம் இருந்ததால் ஆயிரப் பிரிப்புக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கணினி பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. "பிள்ளை, எட்டுக் கிலோச் சங்கிலியைப் போட எந்தக் கழுத்து தாங்கும்?" என்று கடையின் மூத்த கணக்கர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணில் பட்டதால் கையால் திருத்தினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. சில காலம் கழித்துக் கடை வேறொரு மென்பொருளுக்கு மாறியது. இணைய உலாவியில் ஓடுவது. அது அதே 8,125ஐ வாசித்தது. அந்த நிரல் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், எழுத்தை எண்ணாக மாற்றப் பலரும் பயன்படுத்தும் கட்டளை ஒன்று காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். அதுவரை வாசித்ததை எண்ணாகத் தந்துவிடும். ஆகவே எட்டு. வெறும் எட்டுக் கிராம். 125 மில்லிகிராம் காற்றில் போய்விட்டது. எட்டுக் கிலோ என்றால் கண் பிடிக்கும். எட்டுக் கிராம் என்றால் யார் பிடிப்பார்கள்? ஒரு பவுண் எட்டுக் கிராம் என்பதால், பார்க்கவும் நல்ல எண்ணாகவே இருந்தது. இருப்பெடுத்தபோதுதான் பெட்டகத்தில் உள்ள தங்கத்துக்கும் கணக்கில் உள்ள தங்கத்துக்கும் வேறுபாடு தெரிந்தது. வேலையாள்மீது சந்தேகம் விழும் நிலைமை வந்துவிட்டது. ஒரு காற்புள்ளியால் ஒருவருடைய நேர்மை கேள்விக்குள்ளாகும் நிலைமை. இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

எது சரி, புள்ளியா காற்புள்ளியா என்று கேட்பீர்கள். இரண்டும் சரி. எடை அளவைகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு 2003இல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஆயிரங்களைப் பிரிக்க இரண்டையுமே போடாமல் இடைவெளி விடுங்கள் என்று அதே மாநாடு 1948இலேயே சொல்லியிருந்தது. உலகம் கேட்கவில்லை. ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. நம் உறவுகள் நிறைந்த சுவிட்சர்லாந்தில் ஆயிரத்துக்கு மேற்கோள் குறி போன்ற ஒரு சிறு கீற்று. பிரான்சில் ஆயிரத்துக்கு இடைவெளி. அதுவும் விசைப்பலகையில் தட்டும் சாதாரண இடைவெளி அல்ல. 2018இல் சிஎல்டிஆர் அதை ஒடுக்கமான தனி இடைவெளியாக மாற்றியது. கண்ணுக்கு ஒரே மாதிரி, கணினிக்கு வேறு எழுத்து. நேற்றுவரை ஓடிய நிரல்கள் பல தடுமாறின.

ஆகவே நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எண் வேறு, எண்ணின் எழுத்து வேறு. மனிதருக்கு எழுதும்போது, அந்த மனிதர் எந்த நாட்டவர், எந்த மொழியில் வாசிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். இன்னொரு கணினிக்கு எழுதும்போது நாடே இல்லாத பொது வடிவத்தில் எழுதுங்கள். கோப்பு, தரவுத்தளம், வலையமைப்பு எல்லாம் இரண்டாவது வகை. சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் இன்வேரியன்ட் கல்ச்சர் என்று ஒன்று இதற்கென்றே இருக்கிறது. எந்தக் கணினியில் ஓடினாலும் புள்ளியையே தசமமாக வைக்கும். பாரிஸ் மருமகனின் கோப்பை எழுதிய வரியில் அந்தப் பெயர் மட்டும் இருந்திருந்தால் போதும், சங்கிலி எட்டுக் கிராம் 125 மில்லிகிராமாகவே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் எழுதும் பக்கம் மட்டும் திருந்தினால் போதாது. காற்புள்ளி வைத்த தசமத்தை அதே பொது வடிவத்தில் வாசிக்கச் சொன்னால், சி ஷார்ப் காற்புள்ளியை ஆயிரப் பிரிப்பு என்று நினைத்துத் தள்ளிவிடும். 3,5 என்று வந்த மூன்றரையை முப்பத்தைந்து ஆக்கும். வாசிக்கும்போது ஆயிரப் பிரிப்பை ஏற்காதே என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்; அப்போதுதான் அது பிழை என்று கத்தும். கத்தும் நிரல் நல்ல நிரல். பிஎச்பி மொழியும் நெடுங்காலம் ஓடும் இடத்தின் வழக்கப்படியே தசமங்களை எழுதிவந்தது. 2020இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அதை நிறுத்தினார்கள்.

நாணயத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்குகிறது. குவைத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அனுப்பும் தினாருக்கு, தசமத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம். ஒரு தினார் ஆயிரம் ஃபில்ஸ். ஜப்பானிய யென்னுக்கு ஒன்றும் இல்லை. ரூபாவைப் போல எல்லாவற்றுக்கும் இரண்டு இலக்கம் என்று நிரலில் பதித்துவிடாதீர்கள். காசு எந்த நாட்டுக் காசு என்பதும், வாசிப்பவர் எந்த நாட்டவர் என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். குவைத் தினாரைக் கொழும்பில் தமிழில் காட்டும்போது தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பது குவைத்துக்கு உரியது, காற்புள்ளி நமக்கு உரியது.

கடைசியாகக் காசோலைக்கு வருகிறேன், அரை நிமிடம் இருக்கிறது. தொகையை இலக்கத்தில் எழுதினால் போதாது, சொல்லிலும் எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டால் தமிழ் வராது. நூறு, நூற்று ஆகும். ஆயிரம், ஆயிரத்து ஆகும். இலட்சம், இலட்சத்து ஆகும். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். இரண்டும் ஒன்பதோடு பூச்சியத்தை ஒட்டிப் பிறப்பவை அல்ல. நாம் தொடங்கிய தொகை காசோலையில் பன்னிரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் என்று வர வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் 1,250,000 என்று இருக்க வேண்டும். சொல்லில் இலட்சம், இலக்கத்தில் மில்லியன். இந்த நாட்டில் இரண்டும் ஒரே தாளில் வரும். நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, சோதித்துப் பார்க்க நான்கு எண் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 900, 1,100, 99,999, 100,001. நான்கையும் உங்கள் நிரல் தமிழில் சரியாகச் சொன்னால் மற்ற எண்களில் பெரும்பாலும் தடுமாறாது. வணக்கம்.