ஆழ்கடல் பிளாஸ்டிக்கில் நுண்ணுயிர்கள்: குடியிருக்குதா, சாப்பிடுதா?

[காட்சி: முழு இருட்டு. ரோபோவின் விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சேறு. நடுவில் கசங்கிய ஒரு பை.]

2015. பசிபிக் பெருங்கடல். பெரு நாட்டுக் கரையிலிருந்து ரொம்ப தூரம் தள்ளி, சுமார் 4,150 மீட்டர் ஆழத்துல ஒரு ரோபோ போயிட்டிருக்கு. சேத்து மேல ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள்ள ஒரு குளிர்பான கேன். அதே பகுதியில பாலாடைக்கட்டி அடைச்சு விக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பா.

இது எத்தனை வருஷக் குப்பைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எழுத்தைப் படிச்சுத்தான். கேன், 1988 டேவிஸ் கோப்பை டென்னிஸுக்காக வந்த சிறப்புப் பதிப்பு. டப்பா மேல இருந்த முகவரியில 5 இலக்க ஜெர்மன் அஞ்சல் எண். அந்த 5 இலக்க முறை அங்க நடைமுறைக்கு வந்ததே 1993-லதான். ஜெர்மன் டப்பாவுக்கு பெரு பக்கம் என்ன வேலைன்னு கேக்குறீங்களா? அந்தக் கடலடியில 1989-ல இருந்து ஆய்வு நடத்திட்டு வந்தது ஜெர்மன் கப்பல்கள். மீதியை நீங்களே ஊகிச்சுக்கலாம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சுமார் 20 வருஷமா கடலடியில கிடந்த டப்பாவோட எழுத்து அழியல. மேலே கொண்டுவந்து சோதிச்சப்போ, பிளாஸ்டிக் நொறுங்கினதுக்கோ சிதைஞ்சதுக்கோ சொல்லிக்கிற மாதிரி எந்த அடையாளமும் இல்ல.

ஆனா அந்தப் பிளாஸ்டிக் மேல பாக்டீரியாக்கள் இருந்தன. சுத்தியிருந்த சேத்துல இருந்த கூட்டம் வேற, இது வேற. வகைகளும் சேத்துல இருந்ததை விடக் கம்மி.

"பிளாஸ்டிக் மேல நுண்ணுயிர் வாழுது"ன்னு செய்தி வந்த உடனே, "அப்போ அதுங்க பிளாஸ்டிக்கைத் தின்னு தீர்த்துடும்"னு நாம நினைச்சுக்கிறோம். பாறை மேல பாசி படிஞ்சிருக்குன்னா பாசி பாறையைத் தின்னுதுன்னா அர்த்தம்?

[காட்சி: மின்னணு நுண்ணோக்கிப் படம். பிளாஸ்டிக் பரப்பில் குச்சி வடிவ பாக்டீரியாக்கள், சின்னச் சின்னக் குழிகள்.]

இந்த ஆசை வளர்றதுக்கு ஒரு காரணம் உண்டு. 2013-ல எரிக் செட்லர், டிரேசி மின்சர், லிண்டா அமரல்-செட்லர்னு மூணு ஆய்வாளர்கள் அட்லாண்டிக் கடல் மேற்பரப்புல சேகரிச்ச பிளாஸ்டிக் துண்டுகளை ஆராய்ஞ்சாங்க. அதுல இருந்த உயிர்க் கூட்டம், சுத்தியிருந்த கடல் நீர்ல இருந்ததிலிருந்து ரொம்பவே வேறுபட்டிருந்துச்சு. அந்த மொத்த உலகத்துக்கும் 'பிளாஸ்டிஸ்பியர்'னு பேரு வச்சாங்க. சில துண்டுகள்ல செல்கள் அச்சு பதிச்ச மாதிரி குழிகளுக்குள்ள உக்காந்திருந்தன. ஒருவேளை அரிக்குதோன்னு சந்தேகம் வந்தது அங்கதான். குழி இருக்குங்கறதும் பிளாஸ்டிக்ல இருக்கிற கார்பனை உணவா எடுத்துக்குதுங்கறதும் ஒண்ணு இல்ல.

சரி, பிளாஸ்டிக் எப்படி அவ்வளவு ஆழத்துக்குப் போகுது? பை, டப்பாவெல்லாம் செய்யற பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் கடல் நீரை விட லேசு. மிதக்கணும். அதைக் கீழ இழுக்கிறதுல இந்த நுண்ணுயிர்களுக்கும் பங்கு இருக்கு. முதல்ல பாக்டீரியாப் படலம், அது மேல பாசி, அப்புறம் சிப்பி மாதிரியான பெரிய ஜீவன்கள். எடை ஏற ஏற முங்கும். இருட்டுக்குள்ள போனதும் பாசி செத்து உதிர்ந்தா, சின்னத் துண்டுகள் திரும்ப மேல வரவும் வாய்ப்பு இருக்குன்னு கணினி மாதிரிகள் காட்டுது. சில துண்டுகள் செத்த உயிர்களோட மிச்சம், மீன்களோட கழிவு இதுகளோட ஒட்டிக்கிட்டு நேரா அடிக்கே போயிடும்.

அடியில 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம்னு கணக்குப் போட்டா, 4,000 மீட்டர்ல 400 மடங்கு. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சேறு. அங்க ஒட்டிக்க ஒரு கெட்டியான பரப்பு கிடைக்கிறதே பெரிய விஷயம். நீர்ல கரைஞ்சிருக்கிற கரிமப் பொருள் அந்தப் பரப்புல வந்து படியுது, பிளாஸ்டிக்ல இருந்தும் சில ரசாயனங்கள் கசியுது. குடியேற அது போதும்.

[காட்சி: 'ஆல்வின்' நீர்மூழ்கியின் பழைய கறுப்பு-வெள்ளைப் படம்.]

அங்க சாப்பாடு எவ்வளவு மெதுவா நடக்குதுங்கறதுக்கு ஒரு பழைய விபத்து சாட்சி. 1968 அக்டோபர்ல, 'ஆல்வின்'ங்கிற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கி கடல்ல இறக்கும்போது கம்பி அறுந்து, சுமார் 1,500 மீட்டர் ஆழத்துல மூழ்கிடுச்சு. ஆட்கள் தப்பிச்சுட்டாங்க, மதியச் சாப்பாடு உள்ளயே மாட்டிக்கிச்சு. 10 மாசம் கழிச்சு நீர்மூழ்கியை மேல தூக்கினப்போ சாண்ட்விச், ஆப்பிள், சூப் எல்லாம் நனைஞ்சிருந்துச்சே தவிர கெட்டுப்போகல. அதையே 3 டிகிரி குளிர்பெட்டியில வச்சாங்க, சில வாரத்துல கெட்டுடுச்சு. நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானாஷோட குழு இதைப் பிடிச்சுக்கிட்டு, ஆழ்கடல்ல சோதனை வச்சுப் பாத்தது. அதே குளிர்ல ஆய்வகத்துல நடக்கிறதை விட 10 முதல் 100 மடங்கு மெதுவா சிதைவு நடந்துச்சு. ரொட்டிக்கே இந்த நிலைமைன்னா, பாலிஎத்திலீனை யோசிச்சுப் பாருங்க.

[காட்சி: கார்பன் சங்கிலியின் அசைபடம், ஒரு நொதி வந்து ஒட்ட முயன்று நழுவுகிறது.]

பாலிஎத்திலீன்ங்கறது ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு நேரடியா கோத்துக்கிட்ட சங்கிலி. முழுசா எந்த பாக்டீரியாவாலயும் உள்ள இழுத்துக்க முடியாது. நொதியை (என்சைம்) வெளியில விட்டு வெட்டித்தான் ஆகணும், ஆனா வெட்டத் தோதான இடமே அதுல இல்ல. அந்த இடத்தை உண்டாக்குறது வெயில். புற ஊதாக் கதிர் பட்டா சங்கிலி அறுந்து ஆக்சிஜன் உள்ள நுழையும். 2024-ல 'பாரெங்கியோடோன்டியம் ஆல்பம்'ங்கிற கடல் பூஞ்சை பாலிஎத்திலீனை நாளுக்கு சுமார் 0.05 சதவீதம் சிதைக்குதுன்னு நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினாங்க. நிறையப் பேர் சொல்லாம விட்ட நிபந்தனை: முதல்ல புற ஊதா ஒளி பட்டிருக்கணும். 200 மீட்டருக்குக் கீழ போனாலே வெளிச்சம் பேருக்குத்தான். 4,000-ல கேக்கவே வேண்டாம்.

அப்போ ஆழ்கடல் நுண்ணுயிர்களுக்குத் திறமை இல்லையா? அப்படியும் சொல்லிட முடியாது. ஜப்பான் விஞ்ஞானிகள் 757 முதல் 5,552 மீட்டர் வரை, பல ஆழங்கள்ல விதவிதமான மக்கும் பிளாஸ்டிக்கை வச்சுட்டு வந்தாங்க. 2024-ல வெளியான முடிவுப்படி, பிஎச்ஏ வகை பிளாஸ்டிக் அவ்வளவு ஆழத்துலயும் தேஞ்சுக்கிட்டே வந்திருக்கு. ஆழம் கூடக் கூட வேகம் குறைஞ்சுது, அவ்வளவுதான். இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. பிஎச்ஏ, பல பாக்டீரியாக்கள் தங்களுக்குள்ளயே கொழுப்பு மாதிரி சேமிச்சு வைக்கிற பொருள். அதை வெட்டுற நொதி அதுங்க கையில ஏற்கெனவே இருக்கு. சங்கிலியில நடுநடுவுல ஆக்சிஜன் வழியா கோத்திருக்கிற 'எஸ்டர்' பிணைப்பும் வெட்ட வசதி.

ஆனா, சோளம் மாதிரியான பயிர்கள்ல இருந்து செய்யற பிஎல்ஏவும் அதே சோதனையில இருந்துச்சு. அதுலயும் எஸ்டர் பிணைப்புதான். இருந்தும் அது தேயவே இல்ல. 'மக்கும்'னு அது மேல போட்டிருக்கிறது, சுமார் 60 டிகிரி சூட்டுல இயங்குற தொழிற்சாலை உரக்கிடங்கை மனசுல வச்சுப் போட்டது.