ஜெர்மனிக்குப் போகும் முன் பெயரைச் சரிபாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனிக்குப் போய் எம்.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் படிப்பது பற்றி இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் 22 ஆண்டுகளாகப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் பிறந்துவிட்டால் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பிள்ளைகள் அறை வாசலில் நிற்பார்கள். கடிதம் எழுதித் தர அரை மணி நேரம் போதும். ஆனால் அவர்களில் பலரிடம், "தம்பி, இந்த வருஷத்துக்கு நேரம் கடந்துபோச்சேப்பா" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது அந்த முகங்கள் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் கூப்பிட்டவுடன் வந்துவிட்டேன்.

முதலில் கட்டணம். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ வரை ஒரு தொகை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் எல்லா இடமும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டுட்கார்ட் நகரம் இருக்கிறதே, அந்த மாநிலத்தில் 2017 முதல் நம் ஊர்ப் பிள்ளைகள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. எம்.எஸ். என்றால் பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. அண்ணன் படித்தபோது இலவசம், தம்பி போகும்போது இல்லை. ஆகவே யாரோ சொன்னார்கள் என்று போகாமல், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தை நீங்களே திறந்து படியுங்கள்.

சரி, எப்போது தொடங்குவது? அங்கே முக்கியமான சேர்க்கை அக்டோபரில். அதை 'வின்டர் செமஸ்டர்' என்பார்கள். அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால், ஜூலை 15 பல இடங்களில் கடைசி நாள். நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு மார்ச்சிலேயே கதவை மூடிவிடும் இடங்களும் உண்டு. அதற்குள் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மார்க் கையில் இருக்க வேண்டும். ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். நம் படிப்பும் சான்றிதழ்களும் உண்மைதான் என்று டெல்லியில் சரிபார்த்துத் தரும் சான்று அது. 2022 நவம்பர் முதல் அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு மனுவே போட முடியாது. அப்புறம் விசாவுக்குச் சில வாரம், சில மாதம். இதையெல்லாம் அக்டோபரில் இருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வாருங்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில் வந்து நிற்பீர்கள். ஒன்றரை வருஷம். மறுபடியும் சொல்கிறேன், ஒன்றரை வருஷம். மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

அந்த ஏப்ரலில் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன என்று கேட்டால், ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்பு என்று நினைப்பீர்கள். நான் சொல்வது வேறு. எல்லாச் சான்றிதழையும் எடுத்துப் பெயரைப் பாருங்கள்.

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். அது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் ஜெர்மன்காரர்களின் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். இனிஷியலுக்குக் கட்டம் கிடையாது.

எங்கள் மாணவி ஒருத்தி. கெட்டிக்காரி, செமஸ்டருக்குச் செமஸ்டர் முதல் மூன்று இடத்துக்குள் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உணவு மேசையில் நான்கு தாளை வரிசையாக வைத்தாள். ஃபேன் காற்றுக்குப் பறக்கிறது என்று என் மனைவி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து ஒரு ஓரத்தில் வைத்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு 'ஹெச்' கூடுதல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பியவர் கேட்காமலே போட்டுவிட்டார். ஐந்தடி தூரத்தில் நிற்கும் ஒரு பெண், மேசை மேல் நான்கு பேராக இருந்தாள்.

அவளுடைய அப்பா, "எல்லாம் ஒரே பிள்ளைதானே சார், இதில் என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்கு அது ஒரே பிள்ளை. ஆனால் முகம் பார்க்காமல், எழுத்தை மட்டும் வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது தெரியாது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கூடுதல் 'ஹெச்'சை எடுக்க அவள் படி ஏறி இறங்கியே நான்கு மாதம் போனது. சேர்க்கைக் கடிதம் வந்தும், விசா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு வருஷம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். அடுத்த அக்டோபரில்தான் போனாள்.

இதைத் தவிர்க்கக் கூடியது ஒரே ஒரு மாலை நேர வேலை. சான்றிதழ்களைத் தரையில் பரப்பி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக வாசியுங்கள். பெற்றோரில் ஒருவர் வாசிக்க, பிள்ளை பார்க்கட்டும். இனிஷியலின் விரிவு மட்டும்தான் வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயாராக இருக்கட்டும். எழுத்துப் பிழை என்றால் சான்றிதழையே திருத்துங்கள். பெயரே வேறு என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் போடலாம். திருத்தத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் மாதக் கணக்கில் ஆகலாம். ஐ.இ.எல்.டி.எஸ். பதிவும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, ஒரு புள்ளி மாறாமல்.

அடுத்து மதிப்பெண். அங்கே 1 என்பதுதான் உச்சம், 4 என்றால் வெறும் தேர்ச்சி. நம் மார்க்கை அதற்கு மாற்ற ஒரு கணக்கு உண்டு. காதால் கேட்டாலே புரியும். உச்சம் 10, தேர்ச்சிக்குக் குறைந்தது 5, உங்கள் சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி, 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் எட்டுக்கும் இடைவெளி 2. பத்துக்கும் ஐந்துக்கும் இடைவெளி 5. இரண்டை ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 2.2 வரும். பல நல்ல படிப்புகள் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அது நம் கணக்கில் 7.5. சி.ஜி.பி.ஏ. 7 என்றால் 2.8 ஆகிவிடும், அந்த வாசல் திறக்காது. அதனால்தான் மூன்றாம் ஆண்டிலேயே பாருங்கள் என்கிறேன். அப்போது ஏற்றுவதற்கு இன்னும் செமஸ்டர் மிச்சம் இருக்கும்.

மார்க் மட்டும் போதாது. ஒவ்வொரு படிப்புக்கும் அவர்கள் 'மொடூல்ஹாண்ட்புக்' என்று ஒரு பாடத் தொகுப்பு வெளியிடுகிறார்கள். என்ன பாடம், எத்தனை மணி நேரம், தேர்வு எப்படி, எல்லாம் அதில் இருக்கும். கன்சல்டன்சிக்காரர் கொடுக்கும் பட்டியலைப் பார்த்து 12 பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்தார்கள்? கேட்டுப் பார்த்திருக்கிறேன், பதில் வராது. இரண்டு வருஷம் வாழப்போகும் பாடம் ஐயா அது! பல மனுக்கள் 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது அமைப்பு வழியாகத்தான் போகும். அதற்கு முதல் மனுவுக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. படிக்காமல் போட்டால் காசும் வீண். அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாத வேலை இது. படிவம் நிரப்ப உதவி கேளுங்கள், தப்பில்லை. எந்தப் படிப்பு என்று முடிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பணம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும், ஒரு வருஷச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில், அதாவது 'பிளாக்டு அக்கவுண்டில்' முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சத்தை நெருங்குகிறது. மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். கடன் வாங்குவதாக இருந்தால், சொத்துப் பத்திரம், வில்லங்கச் சான்று, வங்கியின் சட்ட ஆலோசனை என்று அதற்கே இரண்டு மூன்று மாதம் போகும். சேர்க்கைக் கடிதம் வரும்வரை வங்கிப் பக்கம் போகாமல் இருக்காதீர்கள்.

கடைசியாக வீடு. கடிதம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிக்கு எழுதிப் போடுங்கள், அங்கே காத்திருப்போர் வரிசை நீளம். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அந்தத் தாளிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வணக்கம்.